தோண்டினால் தண்ணீர்தான் வரும்... டெல்டாவின் மேட்டுக் கல்லறைகளைத் தேடி ஒரு இரண்டு நாள் பயணம்!

எங்கள் அப்பாயி இறந்தது கார்த்திகை மாசத்தில். மூன்று நாளாக விடாத மழை. எங்கள் ஊரில் பெண்கள் மயானத்துக்குப் போகும் பழக்கம் இல்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிவிட வேண்டும். அதனால் அப்பாயியைப் புதைத்ததை நான் தம்பியின் செல்போனில்தான் பார்த்தேன். தம்பி என்றால் சித்தப்பா மகன்.

அந்த வீடியோ நாற்பது விநாடிதான். மூன்றடி தோண்டியதுமே குழிக்குள் ஊற்று மாதிரி தண்ணீர் வருகிறது. ஒருவர் பிளாஸ்டிக் பக்கெட்டால் இறைக்கிறார். இறைக்க இறைக்க ஊறுகிறது. பக்கத்து வயலிலிருந்து ஆயில் இன்ஜினைத் தூக்கி வந்து, ஓஸை குழிக்குள் விடுகிறார்கள். "சீக்கிரம், சீக்கிரம், சரியுது" என்று யாரோ கத்துகிறார்கள். அதோடு முடிந்துவிடும்.

மண்ணை மூடி, உப்பும் விபூதியும் போட்டு, நாய் தோண்டாமலிருக்க மேலே கருவமுள் வெட்டிப் போட்டுவிட்டு வந்தார்கள். கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அப்பா ஒன்று சொன்னார். "அம்மாவ மண்ணுல வைக்கலை பாப்பா. தண்ணியிலதான் விட்டுட்டு வந்திருக்கேன்."

அதற்கப்புறம் அப்பா நானூறு செங்கல் வாங்கி வீட்டுக் கொல்லையில் அடுக்கினார். அப்பாயி இருக்கும் இடத்தில் இரண்டடி உயரத்துக்கு ஒரு மேடை கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பெரியப்பா வேண்டாம் என்றார். அண்ணன் தம்பிக்குள் பேச்சே குறைந்துபோனது.

இதை எல்லாம் நான் ஆபீஸில் சொல்லவில்லை. "நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருது. உங்க டெல்டா பக்கம் பழைய கல்லறை ஏதாவது இருந்தா ஒரு ஸ்டோரி பண்ணுங்களேன்" என்று டெஸ்க்கில் கேட்டதும், நானே போகிறேன் என்று கை தூக்கிவிட்டேன். புரட்டாசி கடைசி. மழை இன்னும் பிடிக்கவில்லை. தம்பியின் பைக்கில் இரண்டு நாள்.

தீவிலிருந்து தொடங்குவோம்

டெல்டாவைப் பார்க்க வருபவர்கள் கல்லணையிலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் கொஞ்சம் மேற்கே, ஸ்ரீரங்கத்திலிருந்து தொடங்கினோம். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் ஊர். பாலம் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அது முழுத் தீவு.

அந்தத் தீவுக்குள், பெரிய கோயிலின் பிராகாரத்தில் உடையவர் சந்நிதி இருக்கிறது. ராமாநுஜர் பத்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். மற்ற ஊர்களில் இருப்பது விக்கிரகம். இங்கே இருப்பது அவருடைய திருமேனியே என்பது வைணவர்களின் நம்பிக்கை. 'தானான திருமேனி' என்று பெயர். மரபுக் கணக்குப்படி அவர் பரமபதித்தது 1137. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்த காப்பை வருடத்துக்கு இரண்டு முறை சாத்துகிறார்கள். அந்த மேனிக்கு ஒரு செம்மஞ்சள் நிறம் உண்டு. நகங்களைப் பார்த்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் நின்ற இடத்திலிருந்து முகம்தான் தெரிந்தது.

துறவிகளை எரிப்பதில்லை. சந்நியாசம் வாங்கும்போதே உலகத்துக்கு அவர் இறந்தவர் ஆகிவிடுகிறார், நெருப்பையும் துறந்துவிடுகிறார். அதனால் உட்கார்ந்த நிலையில் மண்ணுக்குள் வைத்து மேலே ஓர் அடையாளம் எழுப்புவார்கள். அதுதான் சமாதி. மாத்வ மரபில் அதற்குப் பெயர் பிருந்தாவனம். கர்நாடகத்தில் ஆனேகுந்தி பக்கம், துங்கபத்திரை ஆற்றுக்கு நடுவில் நவபிருந்தாவனம் என்றொரு பாறைத் தீவு இருக்கிறது. படகில்தான் போக வேண்டும். ஒன்பது மகான்களின் பிருந்தாவனங்கள், தீவில் வேறு ஊரோ வீடோ கிடையாது. அந்த ஒன்பதில் ஒருவர் சுதீந்திரர். மந்த்ராலய ராகவேந்திரருக்கு அவர்தான் குரு. சுதீந்திரரின் குரு விஜயீந்திரரோ நம்ம கும்பகோணத்தில், காவிரிக்கரையில் இருக்கிறார். ஆற்றுக்கும் சமாதிக்கும் ஏதோ ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்கிறது.

திருவையாறில் ஒரு பெண்

கல்லணை வழியாகத் திருவையாறு. ஆராதனை சமயத்தில் டிவியில் பார்த்திருப்பீர்கள், வரிசையாக உட்கார்ந்து பாடுவார்களே, அந்த இடம். ஆராதனை இல்லாத நாளில் போனால் அங்கே அமைதியைத் தவிர ஒன்றும் இருக்காது. படிக்கட்டு, ஆறு, இரண்டு மூன்று ஆடு.

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். அதற்குச் சில நாள் முன்பு சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் அவரை எரிக்கவில்லை, காவிரிக்கரையில் அடக்கம் செய்தார்கள். ஒரு சின்னச் சமாதி. அதற்குப் பிறகு பல வருடம் அது கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. ஆற்றங்கரையில் ஒரு செங்கல் கட்டடத்தை நாலு மழைக்காலம் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதை மீட்டது பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த பாடகி. சமாதி கிடக்கும் நிலையைக் கேள்விப்பட்டு இங்கே வந்தார். தன் நகையையும் சம்பாத்தியத்தையும் போட்டு, இடத்தை வாங்கி, 1921-ல் வேலையைத் தொடங்கி, கோயிலாக எழுப்பினார். 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது. ஆனால் அந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. கோயில் கட்டிய அம்மாவுக்கே இடமில்லை. அவர் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஓர் ஆராதனையையே நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் எல்லாக் குழுக்களும் ஒன்றாயின. 1952-ல் அவர் மறைந்தார். அவருடைய சமாதியும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது. கைகூப்பிய சிலை, தியாகராஜர் இருக்கும் பக்கம் பார்த்தபடி.

அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சொந்த அப்பாயியின் மேட்டைப் போய்ப் பார்க்காத ஒருத்தி, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சமாதிகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். தம்பி "போலாமாக்கா, வெயிலாயிரும்" என்றான்.

ராஜாகோரி

தஞ்சாவூரில் டூரிஸ்ட் யாரும் பார்க்காத ஒரு இடம் உண்டு. வடவாற்றங்கரையில் இருக்கும் ராஜாகோரி. நகரத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே சுடுகாடுதான் நினைவுக்கு வரும். "உன்ன ராஜாகோரிக்குத்தான் அனுப்பணும்" என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன்.

தஞ்சாவூரை 1676-லிருந்து 1855 வரை ஆண்ட மராட்டிய அரச குடும்பத்தினரைத் தகனம் செய்த இடம் இது. எரித்த இடத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சின்னச் சின்ன சமாதி மண்டபங்கள் எழுப்பினார்கள். 'கோரி' என்றால் கல்லறை. பாரசீகத்திலிருந்து வந்த வார்த்தை. மதுரை கோரிப்பாளையமும் அதே கோரிதான், அங்கே தர்கா இருக்கிறதே, அதனால் வந்த பெயர். மராத்தி பேசிய இந்து ராஜாக்களின் சமாதிக்குத் தமிழ் ஊரில் ஒரு பாரசீகப் பெயர்! இதைச் சொன்னபோது தம்பி, "எல்லாருக்கும் கடைசியில ஒரே இடம்தானேக்கா" என்றான். வயதுக்கு மீறித்தான் பேசுவான்.

உள்ளே நிலைமை பரிதாபம். மண்டபங்களின் மேல் அரசமரம் முளைத்திருக்கிறது. வேர் செங்கல்லுக்குள் புகுந்து, கல் கல்லாகப் பிரித்து எடுக்கிறது. சில இடத்தில் சுதை வேலைப்பாடு இன்னும் அழகாக இருக்கிறது, அதற்கு இரண்டடி தள்ளிச் சுவர் இல்லை. புதர், பாட்டில், பழைய துணி. சரஸ்வதி மகாலில் புத்தகம் சேர்த்தவர்களின் குடும்பத்துக்கு இதுதான் கதி. அதே சரபோஜி மன்னர், 1798-ல் இறந்த தன் குரு ஸ்வார்ட்ஸ் பாதிரியாருக்காக இங்கிலாந்தில் ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்து வரவழைத்தார். சிவகங்கைப் பூங்கா பக்கத்து சர்ச்சில் அது இன்றும் பளிச்சென்று இருக்கிறது. காரணம் எளிது. அது கல், அதுவும் கூரைக்குள் இருக்கும் கல்.

டெல்டாவில் கல் கிடையாது. எங்கு தோண்டினாலும் வண்டலும் களியும்தான். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. கல் கொண்டுவர வசதி இல்லாதவர்கள் நம்மிடம் இருக்கும் களிமண்ணைச் சுட்டு அடுக்கினார்கள். அதனால்தான் இங்கே கல்லறை என்று சொன்னாலும் பெரும்பாலும் அது செங்கல் அறை.

இது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. மணிமேகலையில் புகார் நகரத்து மயானத்தைப் பற்றி ஒரு காதை இருக்கிறது, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. அங்கே முனிவர்களுக்கும் அரசர்களுக்கும் கணவனோடு இறந்த பெண்களுக்கும், சுட்ட செங்கல்லால் எழுப்பிய நினைவுக் கட்டடங்கள் நின்றதாகச் சாத்தனார் சொல்கிறார். சிறியதும் உண்டு, குன்று மாதிரி உயர்ந்ததும் உண்டு. நான்கு வருணத்துக்கும் தனித்தனி வகை என்றும் அதிலேயே வருகிறது. எரிப்பது, வெறுமனே போட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியில் கவிழ்ப்பது என்று ஐந்து வகையும் ஒரே மயானத்தில் நடந்திருக்கிறது. காவிரி கடலில் கலக்கும் இடத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில்.

'துஞ்சிய' தேவர்கள்

மறுநாள் காலை பட்டீஸ்வரம். துர்க்கையைப் பார்க்க வரும் கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ராமநாதன் கோயில் என்னும் சின்ன ஊர். அங்கே ஒரு சிறிய கற்கோயில். நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒருவர்கூட இல்லை.

இது பஞ்சவன் மாதேவி பள்ளிப்படை. ராஜராஜ சோழனின் தேவியரில் ஒருவர், பழுவேட்டரையர் குடும்பத்துப் பெண். அவருக்காக இதை எடுப்பித்தது ராஜேந்திர சோழன். அவர் ராஜேந்திரனின் சொந்தத் தாய் இல்லை, சிற்றன்னை. கங்கை வரை படை அனுப்பியவன், பெறாத தாய்க்கு ஒரு கோயில் கட்டி, பஞ்சவன் மாதேவீஸ்வரம் என்று அவள் பெயரையே வைத்திருக்கிறான். பொன்னியின் செல்வன் பார்த்துவிட்டுப் பெரிய கோயிலில் செல்ஃபி எடுப்பவர்கள் இங்கேயும் ஒரு எட்டு வரலாம்.

'பள்ளிப்படை' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பள்ளி என்றால் படுக்கை, உறக்கம். பெருமாள் பள்ளிகொள்கிறார் என்கிறோமே, அந்தப் பள்ளி. சோழர் கல்வெட்டுகளில் ராஜா செத்துப்போனார் என்று எழுதவே மாட்டார்கள். 'துஞ்சிய' என்றுதான் இருக்கும், அதாவது தூங்கிப்போன. சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. போர்க்களத்தில் இறந்த ராஜாதித்தர் 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. அரிஞ்சயர் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. அவருக்கு மேல்பாடியில் பேரன் ராஜராஜன் பள்ளிப்படை எடுத்தான். தூங்குகிறவருக்கு மேலே ஒரு லிங்கம், அதற்கு மேலே விமானம், தினமும் விளக்கு, நைவேத்தியம். கல்லறை கோயிலாகிவிடுகிறது. கோயிலானதால்தான் ஆயிரம் வருடம் நிற்கிறது. கும்பிட ஆள் இருந்தால் சுவரும் இருக்கும் போல.

அப்படியானால் ராஜராஜனின் பள்ளிப்படை எங்கே? பக்கத்தில் உடையாளூரில் இருக்கிறது என்று ஊர் முழுக்க நம்புகிறது. அங்கே ஒரு சாய்ந்த லிங்கம் உண்டு, பார்க்க ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். அந்த ஊர் பால்குளத்தி அம்மன் கோயில் தூணில் இருக்கும் முதல் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, சிவபாதசேகரன் திருமாளிகையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. சிவபாதசேகரன் என்பது ராஜராஜனின் பட்டப்பெயர்தான். ஆனால் திருமாளிகை என்பது சமாதி என்று அதில் இல்லை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019-ல் தொல்லியல் துறை ட்ரோன் எல்லாம் பறக்கவிட்டு ஆய்வு செய்தது. சமாதி என்று சொல்லும்படி உறுதியான சான்று கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த லிங்கத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஒரு பிரச்னையே இல்லை.

கரையோரத்து வெள்ளைக்காரர்கள்

மதியம் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். போனவர்கள் போக, போக முடியாதவர்கள் கல்லறைகளில் இருக்கிறார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த சீகன்பால்க் 1719-ல் தன் 36-வது வயதில் இறந்தார். அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேதான் அவர் கல்லறை. வெளியே வளாகத்தில் பெட்டி பெட்டியாகப் பழைய கல்லறைகள், மேலே பலகைக்கல், அதில் எழுத்து.

இந்தப் பெட்டிக் கல்லறைகளைப் பார்த்ததும் உடல் அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. உடல் கீழே மண்ணுக்குள்தான். மேலே இருப்பது அடையாளமும் காவலும். நிஜமாகவே தரைக்கு மேலே வைக்கும் ஊர் என்றால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். அதுவும் நம்மைப் போல டெல்டா, மிசிசிப்பி ஆற்றின் டெல்டா. தோண்டினால் தண்ணீர். அங்கே 1789-ல் தொடங்கிய செயின்ட் லூயிஸ் கல்லறைத் தோட்டத்தில் வீடு வீடாகச் செங்கல் அறைகள் கட்டி, அதற்குள் சவப்பெட்டியை வைத்து அடைத்துவிடுகிறார்கள். வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி காயும். ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். திறந்து எலும்புகளை ஒதுக்கி, அதே அறையில் குடும்பத்தின் அடுத்த ஆளை வைப்பார்கள். தண்ணீர் மட்டும் காரணம் இல்லை, ஸ்பெயினும் பிரான்ஸும் ஆண்ட ஊர் என்பதால் அந்த நாட்டுப் பழக்கமும் சேர்ந்தது என்கிறார்கள். இத்தாலியின் வெனிஸ் நகரத்துக்கு சான் மிக்கேலே என்று ஒரு தீவே கல்லறைத் தோட்டம். அங்கேயும் இடம் நிரந்தரம் இல்லை. சில வருடங்களில் எடுத்து எலும்பறைக்கு மாற்றிவிடுவார்கள்.

இந்த 'திரும்ப எடுத்து, அடுத்த ஆளுக்கு' என்ற விஷயத்தை அப்போது படித்துவிட்டுக் கடந்துவிட்டேன். எங்கள் ஊர்த் திடலில் நின்றபோதுதான் அது உறைத்தது.

நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு கரிகோப் என்று பெயர். என்ன தமிழ் இது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டச்சு மொழியில் கல்லறைத் தோட்டம் 'கெர்க்ஹோஃப்'. நம் வாயில் கரிகோப். நாகூர் தர்காவில் சாகுல் ஹமீது ஆண்டவரின் அடக்கஸ்தலத்தில் போர்வை சாத்த எல்லா மதத்துக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். அங்கே உயர்ந்து நிற்கும் பெரிய மனோராவைக் கட்டியது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் வம்சத்தின் கோரியை நேற்றுப் பார்த்த கண்ணுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது.

நாகப்பட்டினத்தில் கல்லறை பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு சுனாமிக்குத்தான் போகிறது. 2004 டிசம்பர் 26. இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யார் எவர் என்று பார்க்க நேரமில்லாமல் பெரிய குழிகளில் மொத்தமாகப் புதைத்தார்கள். பொட்டலம் விற்ற ஓர் அம்மா, "எம்மவன் எந்தக் குழியிலன்னு தெரியாது. அதனால கடற்கரையிலயே நின்னு கும்புட்டுக்கிறேன்" என்றார். நான் கடலை வாங்கினேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

திடல்

எங்கள் ஊருக்கு வரும்போது சாயங்காலம் ஐந்து மணி.

டெல்டாவில் 'திடல்' என்றால் விளையாட்டு மைதானம் இல்லை. வயலுக்கு நடுவே இயற்கையாகவோ மண் கொட்டியோ உயர்ந்து நிற்கும் மேடு. நெல் விளையாது, தண்ணீர் ஏறாது. அதனால் திடலில் ஒன்று மனிதர்கள் குடியிருப்பார்கள், இல்லாவிட்டால் மயானம் இருக்கும். மழைக்காலத்தில் நாலு பக்கமும் வயல் முழுகி, திடல் மட்டும் தண்ணீரில் மிதக்கும். பார்க்கத் தீவு மாதிரியே இருக்கும். மாதிரி என்ன, தீவுதான்.

தீவுக்குப் போகப் பாதை வேண்டுமே. எங்கள் திடலுக்குப் பாதை கிடையாது. வரப்பில்தான் தூக்கிப் போக வேண்டும். கார்த்திகையில் சம்பா நடவு முடிந்து பயிர் நிற்கும். வரப்பு சறுக்கும். சறுக்கினால் தூக்குகிறவர்கள் முழங்கால் அளவு சேற்றில், யாரோ ஒருவரின் பயிரில். வயல்காரர் நல்லவராக இருந்தால் திட்டாமல் இருப்பார். எங்களுக்காவது திட்டோடு போகிறது. மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் 2016 ஜனவரியில் நடந்தது நினைவிருக்கும். இறந்துபோன தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத்தெரு வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே சொன்ன பிறகும், அந்தத் தெரு வழியாக அது போகவில்லை. போலீஸ் வேறு வழியாகத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தது. மேடு கட்டுவது அப்புறம், மேட்டுக்குப் போகிற வழி யாருக்கு இருக்கிறது என்பது இந்த ஜில்லாவில் முதல் கேள்வி.

"நானும் திடலுக்கு வரேன்" என்றதும் அம்மா ஒரு மாதிரி பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை எடுத்தார். வரப்பில் அப்பா முன்னால், நான் பின்னால், தம்பி கடைசி.

திடலில் நாலைந்து புங்கமரம், ஒரு தகரக் கொட்டகை. பொடிப்பொடியாய் மேடுகள். சிமென்ட் பூசிய மேடைகளும் சில இருந்தன, வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் கட்டியவை. இரண்டில் டைல்ஸ்கூட ஒட்டியிருந்தது. அப்பாயியின் மேடு ஒரு பருவத்தில் அடங்கிப்போய், தரையோடு தரையாக இருந்தது. முள் காய்ந்து கிடந்தது. அப்பா சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

குழி வெட்டும் அண்ணன் கொட்டகைப் பக்கம் இருந்தார். வீடியோவில் பக்கெட்டோடு இருந்தவர் அவர்தான்.

"அண்ணே, அன்னிக்கு ரொம்பத் தண்ணியா?"

"எல்லா கார்த்திகையும் அப்படித்தான் பாப்பா. பங்குனியில வா, ஆறடி வெட்டினாலும் தூசி பறக்கும். சாவுறவங்க கோடையில சாவ மாட்டேங்கிறாங்களே" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே, "ஆச்சிய தண்ணியில விட்டுட்டோமுன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருக்காரு. இன்ஜின் போட்டு இறைச்சு, அடியில வைக்கோல் பரப்பி, களிமண்ண மிதிச்சுதான் வெச்சேன். அந்த நேரத்துக்குத் தரை வந்திருச்சு. அவரு கண்ணுல தண்ணி இருந்துச்சு, பாத்திருக்க மாட்டாரு" என்றார்.

அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடை கட்டும் பேச்சை நான்தான் எடுத்தேன். அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. கையால் திடலைச் சுற்றிக் காட்டினார். "இது ஒன்றரை மா இருக்குமா?"

எங்கள் பக்கம் நிலத்தை இன்னும் வேலி, மா, குழி என்றுதான் கணக்குப் போடுவார்கள். நூறு குழி ஒரு மா. ஒரு குழி என்றால் 144 சதுர அடி. புதைக்கும் குழிக்கும் அளக்கும் குழிக்கும் ஒரே வார்த்தை. ஒன்றரை மா என்றால் 150 குழி, அதாவது 21,600 சதுர அடி. நான் செல்போனில் கணக்குப் போட்டேன். மேடையும் சுற்றி நடக்க இடமும் சேர்த்து ஓர் ஆளுக்கு 60 சதுர அடி. மரம், கொட்டகை எதுவும் இல்லை என்று வைத்தாலே 360 பேர். எங்கள் ஊரில் வருடத்துக்குப் பன்னிரண்டு சாவு வருகிறது என்றால் முப்பது வருடம். என் காலத்திலேயே திடல் நிரம்பிவிடும்.

"கட்டாம விட்டா?" என்று கேட்டேன்.

"கட்டாம விட்டா எப்பவும் நிரம்பாது. எங்க அப்பன் வெட்டின இடத்துலதான் நான் வெட்டுறேன். எலும்பு வந்தா ஓரமா வெச்சு, திரும்ப உள்ள போட்டு மூடிருவேன். உங்க ஆச்சிய வெச்ச இடத்துல அதுக்கு முன்னாடி யாரு இருந்தான்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

நியூ ஆர்லியன்ஸில் ஒரு வருடமும் ஒரு நாளும். எங்கள் ஊரில் அண்ணனின் ஞாபகம்.

பெரியப்பாவின் மறுப்புக்கு இதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. "நாளைக்கு நமக்கு இடம் வேணாமாடா" என்று அவர் கேட்டதை, சொத்துக்காகப் பேசுகிறார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்காக அப்பாவின் பக்கம் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. டைல்ஸ் ஒட்டிய மேடைகளைத் தாண்டித்தான் தினமும் அவர் கண் போகிறது. தன் அம்மா மட்டும் அடையாளம் இல்லாமல் தரையோடு போவதை ஒரு பிள்ளை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்? பஞ்சவன் மாதேவிக்குக் கோயில் கட்டியவனிடம் இடம் பற்றாது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இருட்டிவிட்டது. திரும்பும்போது வரப்பில் என் செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது. தம்பி அதை எடுக்கக் குனிந்து அவனும் விழுந்தான். அப்பா டார்ச் அடித்துக்கொண்டு, "இதுக்கே இப்படின்னா தோள்ல தூக்கிட்டு வந்தவனுங்கள நெனச்சுப் பாரு" என்றார்.

ராத்திரி சாப்பிடும்போது பெரியப்பா வந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் எங்கள் வீட்டில் அவர் கை நனைத்தார். செங்கல் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. எந்த வயலில் தண்ணீர் வைத்திருக்கிறது, யூரியா எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது பெரியப்பா கொல்லைப் பக்கம் போய் நின்றார். "மழை வருதுடா. நனைஞ்சா பாசி புடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, அவரே கொட்டகையிலிருந்து தார்ப்பாயை இழுத்து வந்தார். அப்பா மறுமுனையைப் பிடித்தார். நானூறு செங்கல்லையும் மூடி, நாலு மூலையிலும் நாலு செங்கல்லை எடுத்துப் பாரம் வைத்தார்கள்.